“எல்லாரும்தானே சாகிறாங்க?” தொலைக்காட்சித் தொடர்களில் லெஸ்பியன் பாத்திரங்களின் சாவு: ஓர் எளிய விளக்கம்

திருகோணமலையில் வெளிநாட்டுத் தொடர்களை விழுந்து விழுந்து பார்க்கும் ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. முன்பு பென்டிரைவில் கைமாறியது, இப்போது போனில் ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கூட்டத்துக்குள் அடிக்கடி வரும் ஒரு வாக்குவாதம் இது. ஒருத்தி சொல்வாள்: “இதிலயும் அந்த லெஸ்பியன் பிள்ளையைக் கொன்றுட்டாங்க.” உடனே இன்னொருவர்: “அது சண்டைத் தொடர். எல்லாரும்தானே சாகிறாங்க? இவங்களுக்கு மட்டும் என்ன விசேஷம்?”

இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேரும் கதைப்பது இரண்டு வேறு விஷயங்களைப் பற்றி. ஒருவர் ஒரு சாவைப் பார்க்கிறார். மற்றவர் சாவுகளின் வரிசையைப் பார்க்கிறார். இது விளங்காததால்தான் இந்தச் சண்டை முடிவதே இல்லை.

முதலில் சொற்கள். பெண்கள்மீது காதல் கொள்ளும் பெண்ணை லெஸ்பியன் என்கிறோம். பெண், ஆண் இருவர்மீதும் ஈர்ப்புள்ளவரை இருபாலீர்ப்பு உடையவர் என்கிறோம். இவர்களையும், ஆண்கள்மீது காதல் கொள்ளும் ‘கே’ ஆண்கள், திருநர் போன்றோரையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர் பால்புதுமையினர். இப்படிப்பட்ட பாத்திரங்களைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டு, மற்றவர்களைவிடச் சுலபமாகக் கொன்றுவிடும் பழக்கத்துக்கு ஆங்கில உலகில் ‘பெரி யுவர் கேய்ஸ்’ (“உங்கள் கே பாத்திரங்களைப் புதையுங்கள்”) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் எழுதிவைத்த விதி அல்ல அது. திரும்பத் திரும்ப வந்து பழகிப்போன ஒரு கதை வாய்ப்பாடு.

நூறு வள்ளம், ஐந்து நீலம்

சல்லிக் கரையில் நூறு வள்ளம் நிற்கிறது என்று வையுங்கள். அதில் ஐந்துக்கு நீலப் பூச்சு. வாடைக்காற்றுக் காலம் வருகிறது, பத்து வள்ளம் உடைகிறது. கடலில் வள்ளம் உடைவது புதினம் இல்லை. ஆனால் உடைந்த பத்தில் நாலு நீலம் என்றால்? அடுத்த வருடமும் அதே கதை, அதற்கடுத்த வருடமும் அதே கதை என்றால்?

“கடல் எல்லாருக்கும் பொது” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் நம் கேள்விக்குப் பதில் சொல்லவும் இல்லை. நூறில் ஐந்து வள்ளம் ஏன் பத்தில் நாலு உடைவாக வருகிறது என்பதுதான் கேள்வி. கடலுக்கு நீல நிறம் பிடிக்காது என்று யாரும் நம்பப்போவதில்லை. கரைக்குப் போய் விசாரித்தால் வேறு ஏதாவது தெரியவரும். நீல வள்ளம் எல்லாம் பழைய மரம், இயந்திரத்துக்குப் பழுது பார்ப்பதில்லை, காற்று மோசமான நாளில் அதைத்தான் முதலில் இறக்குகிறார்கள் என்பது போல. யாருக்கும் நீலத்தின்மேல் பகை தேவையில்லை. பகை இல்லாமலே நீலம் உடையும்.

தொடர்களில் நடப்பதும் இதுதான். எழுத்தாளருக்கு லெஸ்பியன்கள்மீது வெறுப்பு இருந்ததா என்று தோண்டுவது பெரும்பாலும் வீண்வேலை. அந்தப் பாத்திரத்துக்குக் கதையில் எப்படிப்பட்ட இடம் கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது

வள்ளக் கணக்கு நான் கற்பனையாகச் சொன்னது. உண்மைக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ‘கிலாட்’ என்ற அமைப்பு, திரையில் பால்புதுமையினர் எப்படி வருகிறார்கள் என்று வருடாவருடம் எண்ணி வெளியிடுகிறது. 2016-17 பருவத்தில் அங்குள்ள பெரிய ஒளிபரப்பு அலைவரிசைகளின் கதைத் தொடர்களில் நிரந்தரப் பாத்திரங்கள் 895. அதில் பால்புதுமையினர் 43 பேர், அதாவது நூறுக்கு ஐந்துகூட இல்லை. அதற்குள்ளும் லெஸ்பியன்களின் பங்கு ஒரே வருடத்தில் 33 சதவீதத்திலிருந்து 17 ஆக விழுந்தது. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது: 2016 தொடங்கியதிலிருந்து கேபிள், இணையத் தொடர்களையும் சேர்த்து 25க்கும் மேற்பட்ட லெஸ்பியன், இருபாலீர்ப்புப் பெண் பாத்திரங்கள் இறந்திருந்தார்கள்.

இந்த 25ஐ அந்த 43ஆல் வகுத்து யாராவது சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் வேறு வேறு கூடையில் எண்ணியவை. ஆனாலும், இருப்பதே சொற்பம், அதிலும் ஒரு வருடத்துக்குள் இத்தனை சாவு என்பது பிடிபடுவதற்கு வகுத்தல் தேவையில்லை.

இதுவரை சொன்னது: ஒரு சாவை வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது. எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற விகிதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரே தோட்டா, பதினான்கு வருட இடைவெளி

இனி இரண்டு சாவுகளை ஆறுதலாகப் பார்க்கலாம். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ‘வாய்ப்பாடு’ என்று ஏன் சொல்கிறார்கள் என்பது தெரியும்.

முதலாவது 2002 மே. ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ தொடரில் வில்லோவும் டாராவும் காதலர்கள். இடையில் பிரிந்திருந்தவர்கள் மறுபடி சேர்கிறார்கள். சேர்ந்த சந்தோஷம் அடங்குமுன், நாயகி பஃபியைக் குறிவைத்துச் சுட்ட ஒருவனுடைய தோட்டா தவறி ஜன்னல் வழியாக வந்து டாராவைக் கொல்கிறது. வில்லோ துக்கத்தில் வெறிபிடித்துப் பழிவாங்கக் கிளம்ப, அந்தப் பருவத்தின் கடைசிப் பகுதி முழுக்க அந்த வெறியில்தான் ஓடுகிறது. இதில் வயிற்றெரிச்சலான ஒரு விவரம்: டாராவாக நடித்த ஆம்பர் பென்சனின் பெயர் தொடக்கப் பெயர்ப்பட்டியலில் முதன்முதலாக வந்ததே டாரா செத்த அந்த அத்தியாயத்தில்தான்.

இரண்டாவது 2016 மார்ச். ‘தி ஹண்ட்ரட்’ தொடரில் லெக்சா ஒரு பெரும் படையின் தலைவி. கதையின் நாயகி கிளார்க்கும் அவளும் நீண்ட இழுபறிக்குப் பிறகு ஒன்றுசேர்கிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் லெக்சாவின் ஆலோசகன் டைட்டஸ் கிளார்க்கைக் கொல்லத் துப்பாக்கியை எடுக்கிறான். தோட்டா தவறி லெக்சாவைத் துளைக்கிறது.

வேறு தொடர், வேறு எழுத்தாளர்கள், வேறு தலைமுறை. ஆனால் சேர்ந்த கையோடு, இன்னொருவருக்கு வைத்த தோட்டா. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமலே இப்படி ஒத்துப்போவதுதான் வாய்ப்பாட்டின் இயல்பு.

லெக்சாவின் சாவு ஏன் இத்தனை பெரிய கொந்தளிப்பாக வெடித்தது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தொடருக்குப் பால்புதுமையினரான இளம் ரசிகைகள் நிறைய. அவர்களைத் தயாரிப்புத் தரப்பும் ஊக்கப்படுத்தியது. கடைசி அத்தியாயப் படப்பிடிப்பைப் பார்க்க வரச்சொல்லி ரசிகர்களை வான்கூவருக்கு அழைத்தார்கள். லெக்சாவாக நடித்தவர் அங்கே நின்றதைக் கண்டவர்கள், “அவள் தப்பிவிட்டாள்” என்று நம்பினார்கள். சாவு இருந்தது ஏழாவது அத்தியாயத்தில். நம்பவைத்துக் கழுத்தறுத்த கதை. தொடரின் தலைமை எழுத்தாளரான ஜேசன் ரோதன்பெர்க் அதே மாதம் எழுதிய விளக்கத்தில், இந்த வாய்ப்பாட்டின் பாரத்தைத் தான் போதிய அளவு உணரவில்லை என்று வருத்தம் தெரிவித்தார். ரசிகைகள் கத்திவிட்டு ஓயவில்லை. பால்புதுமையின இளையோரின் தற்கொலையைத் தடுக்க வேலை செய்யும் ‘ட்ரெவர் புராஜெக்ட்’ அமைப்புக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்.

எழுதும் மேசையில் என்ன நடக்கிறது

சரி, வெறுப்பு இல்லாமலே இது எப்படி நடக்கிறது?

ஒரு தொடரில் யாரைக் கொல்லலாம் என்று மேசையைச் சுற்றி யோசிக்கும்போது நாயகனைக் கொல்ல மாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும். ஊர்பேர் தெரியாத ஒருவரைக் கொன்றால் பார்ப்பவருக்கு வலிக்காது. ஆக, ரசிகர் நேசிக்க வேண்டும், ஆனால் அவர் போனாலும் கதை நிற்கக்கூடாது. அப்படிப்பட்டவர் யார்? நாயகியின் தோழி, நாயகியின் காதலி, மருத்துவர், படைத்தளபதி. லெஸ்பியன் பாத்திரங்களை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் இதே நாற்காலிகளில்தான். நீல வள்ளத்தின் பழைய மரம் இதுதான்.

நடிகரின் ஒப்பந்தமும் இதில் சேரும். லெக்சாவாக நடித்த அலிசியா டெப்னம்-கேரிக்கு அப்போது இன்னொரு தொடரில் முக்கிய வேடம் இருந்தது. அவர் முழுநேரமாகக் கிடைக்க மாட்டார். இது உண்மையான சிக்கல். ஆனால் நடிகர் கிடைக்காத பாத்திரத்தைத் தூரதேசம் அனுப்பலாம், சிறையில் போடலாம், போருக்கு அனுப்பலாம். நம்ம சீரியல்களில் வெளிநாடு போன பெரியப்பா எத்தனை பேர்! கொல்வது என்பது பல வழிகளில் ஒரு வழி மட்டும்தான்.

அடுத்தது, சாவை எரிபொருளாகப் பயன்படுத்துவது. ஒருத்தி சாகிறாள், அதனால் இன்னொருவர் கோபப்படுகிறார், திருந்துகிறார், பழிவாங்குகிறார். செத்தவளுடைய கதை அங்கேயே நிற்க, அவளுடைய சாவு இன்னொருவரின் கதையை ஓட்டுகிறது. பொதுவாகவே பெண் பாத்திரங்களுக்கு இது நடப்பதை 1999ல் கெயில் சிமோன் என்ற சித்திரக்கதை எழுத்தாளர் பட்டியல் போட்டுக் காட்டினார். பால்புதுமையினப் பெண்ணுக்கு இந்த அடி இரண்டு பக்கமாக விழுகிறது.

கடைசியாக, எனக்கு மிக எரிச்சலூட்டும் காரணம். “ஜோடி சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது” என்ற நம்பிக்கை. ஆண்-பெண் ஜோடி விஷயத்தில் இதை யாரும் நம்புவதில்லை. கல்யாணம் முடிந்த பிறகும் மாமியார், நாத்தனார், நினைவிழப்பு, திருட்டுப்போன தாலி, அதே முகத்தோடு வரும் இன்னொருத்தி என்று எண்ணூறு அத்தியாயம் இழுக்கத் தெரிந்த உலகம் இது. இரண்டு பெண்கள் சேர்ந்து சமைத்து, சண்டைபிடித்து, வாடகை கட்டி வாழ்வதில் மட்டும் கதை இல்லையாம். 2022 ஏப்ரலில் முடிந்த ‘கில்லிங் ஈவ்’ தொடரின் கடைசி அத்தியாயமும் இதே வழியில்தான் போனது. நான்கு பருவம் துரத்தி விளையாடிய இரண்டு பெண்கள் கடைசியில் ஒன்றாகிறார்கள், சற்று நேரத்தில் அவர்களில் ஒருத்தியான வில்லனெல் சுடப்பட்டுச் சாகிறாள். மூலக்கதையை எழுதிய லூக் ஜென்னிங்ஸே அந்த முடிவைக் குறைசொன்னார்.

சுருக்கிச் சொன்னால்: ஓரத்து நாற்காலி, எரிபொருளாகும் சாவு, சந்தோஷத்தை எழுதத் தெரியாமை. இந்த மூன்றும் ஒரே பாத்திரத்தின் தலையில் விழும்போது தோட்டா எங்கிருந்து வந்தாலும் அவள்மேல்தான் படும்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது

சந்தோஷமாக எழுத ஒருகாலத்தில் அனுமதியே இல்லை. அமெரிக்கத் திரைத்துறை 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்திய ‘ஹேஸ் கோட்’ என்ற தணிக்கை விதி, தன்பாலினக் காதலைத் திரையில் காட்டுவதை மட்டுமல்ல, சாடையாகச் சொல்வதைக்கூடத் தடுத்தது. 1961ல் கொஞ்சம் தளர்த்தினார்கள், 1968ல் அது போயே போய்விட்டது. மலிவுப் பதிப்பு நாவல்களுக்கு வேறு தொல்லை. புத்தகம் தபாலில் போக வேண்டும், தபால் அதிகாரிகள் பறிமுதல் செய்யக்கூடும். 1952ல் வெளியான ஒரு லெஸ்பியன் நாவலின் ஆசிரியை மரிஜேன் மீக்கரிடம் பதிப்பாசிரியர், முடிவு சந்தோஷமாக இருக்கவே கூடாது என்று நிபந்தனை போட்டார். கதையின் காதலிகளில் ஒருத்தி மனநல விடுதிக்குப் போக வேண்டியதாயிற்று.

விதி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பார்த்து வளர்ந்த கதைகளைப் போலத்தானே அடுத்த தலைமுறையும் எழுதும்? இரண்டு பெண்களின் காதல் என்றாலே சோகம் என்று ஒரு வாடை ஒட்டிக்கொண்டுவிட்டது.

சோகமாக இறந்த காதலியைக் கதை எவ்வளவு விரும்பும் என்பது எங்கள் ஊராருக்குத் தெரியாததல்ல. பிரெட்ரிக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் எல்லாரும் அந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள்: ஒல்லாந்த அதிகாரியின் மகள் பிரான்சினா வான் ரீட், தன்னை விட்டுவிட்டுக் கப்பலேறிய காதலனைப் பார்த்தபடி சுவாமி மலையிலிருந்து குதித்தாள் என்று. 1687ஆம் ஆண்டைத் தாங்கிய தூண் ஒன்றும் அவள் பெயரில் இருக்கிறது. ஒல்லாந்தப் பதிவுகளோ, அதற்கு எட்டு வருடங்களுக்குப் பிறகு அவள் மறுமணம் செய்ததாகச் சொல்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். மறுமணம் செய்த பிரான்சினாவைப் பற்றி எந்த வழிகாட்டியும் கதை சொல்வதில்லை. குதித்தவளுக்குத்தான் கூட்டம். இது ஆண்-பெண் காதல்தான், ஆனால் அவர்களுக்கு வாழ்ந்து தீர்த்த கதைகளும் ஆயிரம் கிடக்கின்றன. லெஸ்பியன்களுக்கு அந்த மறுபக்கம் வெகுகாலம் இருக்கவில்லை.

அப்படியென்றால் சாகவே கூடாதா?

இந்தக் கேள்விக்கு ஆகச்சிறந்த பதில் 2016 அக்டோபரில் வந்தது. ‘பிளாக் மிரர்’ தொடரின் ‘சான் ஹூனிபேரோ’ அத்தியாயம். அதில் இரண்டு காதலிகளுமே இறந்துபோகிறார்கள்! ஆனாலும் அதே ரசிகைகள் கொண்டாடினார்கள், அடுத்த வருடம் எம்மி விருதும் கிடைத்தது. ஏனென்றால் அங்கே சாவு அவர்கள் தாமே எடுத்த முடிவு. சாவுக்குப் பிறகான ஒரு கணினி உலகில் இருவரும் சேர்ந்து இளமையோடு இருக்கிறார்கள். கதை முதலிலிருந்து கடைசிவரை அவர்களுடையது. யாருக்கும் எரிபொருள் ஊற்ற அவர்கள் சாகவில்லை. ஆக, பிணத்தை எண்ணுவது போதாது.

‘ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்’ கொஞ்சம் சிக்கலானது. அந்தச் சிறைத் தொடரில் லெஸ்பியன் பாத்திரங்கள் பலர். எனவே 2016ல் அவர்களில் ஒருத்தியான பூசே இறந்தபோது “ஒன்றே ஒன்று, அதையும் கொன்றார்கள்” என்று சொல்ல முடியாது. அவள் கறுப்பினப் பெண், காவலரின் பிடியில் மூச்சுத்திணறிச் சாகிறாள். அமெரிக்காவில் உண்மையில் நடப்பதைக் காட்டுகிறோம் என்பது எழுதியவர்களின் பக்கம். உண்மை தெரிந்த எங்களுக்கு அதைத் திரும்பக் காட்டி என்ன பயன் என்பது கோபப்பட்டவர்களின் பக்கம். எனக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் கூடுதலாக நியாயமாகப் படுகிறது. ஆனால் லெக்சாவையும் பூசேயையும் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

அதே வருடம் ‘வைனோனா எர்ப்’ தொடரில் நிக்கோல் ஹாட் என்ற பொலிஸ்காரிக்குச் சூடு விழுகிறது. பார்த்தவர்களுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அவளோ குண்டு துளைக்காத அங்கி போட்டிருந்தாள்! பொலிஸ்காரி அங்கி போடுவதில் என்ன அதிசயம்? இத்தனை காலம் யாரும் போட்டுவிட நினைக்கவில்லை என்பதுதான்.

லெக்சாவுக்குப் பிறகு கனடாவில் சில எழுத்தாளர்களும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து ஓர் உறுதிமொழி எழுதினார்கள். பால்புதுமையினர் அல்லாத இன்னொரு பாத்திரத்தின் கதையை நகர்த்துவதற்காக மட்டும் பால்புதுமையினரைக் கொல்லமாட்டோம் என்பது அதில் ஒரு வரி. “எழுதுபவரின் கையைக் கட்டுவதா?” என்று கையெழுத்திட மறுத்தவர்களும் உண்டு. கையைக் கட்ட வேண்டியதில்லைதான். கையெழுத்திடாதவர்களும் மேசையில் அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப்பார்த்தால் போதும்.

நம்ம பக்கம்

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உவர்மலையிலும் உப்புவெளியிலும் ஓடும் சென்னைச் சீரியல்களில் இந்தப் பிரச்சினை இல்லை. கொல்வதற்கு லெஸ்பியன் பாத்திரம் இருந்தால்தானே!

இதற்குப் பின்னால் சட்டத்தின் நிழலும் இருக்கிறது. இந்தியாவில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது 2018 செப்டெம்பரில்தான். இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு, வெள்ளைக்காரன் காலத்தில் ஆண்களைக் குறிவைத்து எழுதப்பட்டது. 1995ல் அதைத் திருத்தியபோது ‘ஆண்’ என்பதை எடுத்துவிட்டுப் பொதுவாக ‘ஆள்’ என்று ஆக்கினார்கள். அதனால் அது பெண்களையும் பிடிக்கத் தொடங்கியது. உலகம் தளர்த்திக்கொண்டிருந்த காலத்தில் நாம் வலையை அகலமாக்கினோம். ரோசானா ஃபிளேமர்-கால்டெரா கொண்டுபோன முறைப்பாட்டில், இது பெண்களின் உரிமையை மீறுகிறது என்று ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழு 2022ல் சொன்னது. குற்றமாக்கும் பிரிவுகளை மாற்றும் ஒரு தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று இலங்கையின் உயர் நீதிமன்றம் 2023ல் தீர்மானித்தது.

இந்தச் சூழலில் இங்கே வளரும் ஒரு பெண் தன்னைப்போல ஒருத்தியைத் தமிழில் பார்க்க வழியில்லாமல், எழுத்துவரியோடு ஓடும் வெளிநாட்டுத் தொடரில்தான் பார்க்கிறாள். வீட்டில் கதைக்க முடியாது, கூட்டாளிகளில் எத்தனை பேரிடம் சொல்லலாம் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். லெக்சா போன்ற ஒருத்தி அவளுக்குப் பத்தில் ஒன்று அல்ல, அந்த வருடத்தில் கிடைத்த ஒரே ஒருத்தியாகக்கூட இருக்கலாம். “எல்லாரும்தானே சாகிறாங்க” என்று சொல்பவருக்கு அடுத்த அலைவரிசையில் இன்னும் நூறு நாயகர்கள் காத்திருக்கிறார்கள்.

அதனால்தான் சிலர் தொடரைத் தொடங்குமுன்பே, “கடைசிவரை அவள் இருப்பாளா?” என்று விசாரிக்கிறார்கள். முடிவு தெரிந்தால் சுவாரசியம் போய்விடும் என்று அவர்களிடம் வகுப்பு எடுக்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுங்கள், எத்தனையாவது அத்தியாயத்தோடு நிறுத்தினால் நல்லது என்பதையும் சேர்த்து.